பேட்டரி மாற்றியதும் ஊமையான ரேடியோ

போன மாதம் தாம்பரத்திலிருந்து சித்தப்பா போன் செய்தார். காலையில் காருக்குப் புது பேட்டரி போட்டிருக்கிறார். வண்டி ஒரே திருப்பில் கிளம்பிவிட்டது. ஹாரன், ஏ.சி., ஹெட்லைட் எல்லாம் சரி. ரேடியோ மட்டும் வாயைத் திறக்கவில்லை.

“தம்பி, கோடு நம்பர் போடுன்னு இங்கிலீஷ்ல வருது. எந்தப் பட்டனை அமுக்கினாலும் அதேதான். பேட்டரி மாத்துன பையன் ‘செட்டு லாக் ஆயிடுச்சு சார், கோடு கார்டு வெச்சிருக்கீங்களா’ன்னு கேக்கறான். அப்படி ஒரு கார்டை நான் கண்ணாலயே பாத்ததில்லப்பா.”

“ஏதாவது நம்பர் போட்டுப் பாத்தீங்களா சித்தப்பா?”

“இன்னும் இல்ல. போடட்டுமா?”

“வேண்டாம், வேண்டாம். அப்படியே விட்டுடுங்க. சாயந்திரம் நான் வரேன்.”

ஜப்பான் கம்பெனி கார் அது. பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய வண்டி. சித்தப்பா அதற்கு மூன்றாவது சொந்தக்காரர். முதல் சொந்தக்காரருக்கு ஷோரூமில் கொடுத்த கையேடும், அதோடு சேர்ந்த சின்னக் கார்டும் இரண்டு கை மாறியதில் எங்கேயோ தங்கிவிட்டன. ஆனால் அந்த ரேடியோ இல்லாமல் சித்தப்பாவுக்கு ஆகாது. காலையில் மார்க்கெட்டுக்குப் போகும்போது ரெயின்போ 101.4, திரும்பும்போது எஃப்.எம். கோல்டு 102.3. எந்த நிலையம் எந்தப் பட்டனில் இருக்கிறது என்று அவர் விரலுக்கே தெரியும். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் மாற்றுவார். விசாரித்த கடையில், “இதைக் கழட்டிப் போட்டுட்டு ஆண்ட்ராய்டு டச் ஸ்கிரீன் போட்டுக்கோங்க சார், ஒரு மணி நேரத்துல முடிச்சுடலாம்” என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நன்றாகப் பாடிக்கொண்டிருந்த செட்டை ஒரு எண்ணுக்காக எதற்குத் தூக்கிப் போட வேண்டும் என்று கேட்டார். அவர் பக்கம்தான் நியாயம் என்பது என் கட்சி. அதனால் இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்ததை எல்லாம் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். பழைய காரைப் பிரியமாக வைத்திருப்பவர்கள் யாருக்கும் ஒருநாள் இது தேவைப்படும்.

கார் ரேடியோவுக்குப் பின்னால் கைநிறைய ஒயர்கள் போகும். நமக்கு முக்கியம் இரண்டு. பெரும்பாலும் மஞ்சளாக இருப்பது பேட்டரியிலிருந்து நேராக வருவது. சாவியைக் கழற்றிவிட்டாலும் அதில் 12 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். சிவப்பு ஒயரில் சாவியைத் திருப்பினால்தான் மின்சாரம் வரும். பாட்டுக்குச் சிவப்பு, ஞாபகத்துக்கு மஞ்சள் என்று வைத்துக்கொள்ளலாம். தூங்கும்போதும் ஒரு காதைத் திறந்தே வைத்திருக்கும் பாட்டியைப் போல, வண்டி நிற்கும்போதும் ரேடியோ அந்த மஞ்சள் ஒயரில் துளி மின்சாரம் குடித்துக்கொண்டு விழித்திருக்கும். மணி என்ன, கடைசியாக எந்த நிலையம், சத்தம் எவ்வளவு என்பதெல்லாம் அந்த விழிப்பில்தான் பத்திரமாக இருக்கின்றன.

ரகசிய எண் இருப்பது வேறோர் இடத்தில். உள்ளே சின்னதாக ஒரு மெமரிச் சில்லு உண்டு. மின்சாரம் அடியோடு நின்றாலும் அதில் எழுதியது அழியாது. மஞ்சள் ஒயரில் மின்சாரம் அறுந்து மறுபடி வந்தால், ‘என்னை யாரோ வண்டியிலிருந்து பிடுங்கி எடுத்திருக்கிறார்கள்’ என்று செட் முடிவுகட்டிவிடும். எண்ணைச் சொல், சில்லில் இருப்பதோடு பொருந்தினால் பாடுகிறேன் என்று நின்றுவிடும். பேட்டரி மாற்றுவதையும் திருட்டையும் பிரித்துப் பார்க்க அதற்கு வழியில்லை. மாதக்கணக்கில் எடுக்காத வண்டியில் பேட்டரி முழுசாக இறங்கிப்போனாலும், ரேடியோவின் ஃப்யூஸ் போனாலும், மெக்கானிக் வேறு வேலைக்காக டெர்மினலைக் கழற்றி மாட்டினாலும் இதே கதிதான். செட் கெட்டுப்போகவில்லை. எதற்காகச் செய்தார்களோ அந்த வேலையைத்தான் அது செய்துகொண்டிருக்கிறது.

நம்பர் போட வேண்டாம் என்று சித்தப்பாவை நான் அவசரமாகத் தடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. தப்பான எண்ணைப் போட்டால் என்ன ஆகும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஹோண்டா கார்களில் வழக்கமான கணக்கு பத்துமுறை. பத்தும் தவறினால் செட்டை ஒரு மணி நேரம் ஆன் செய்தபடியே விட்டுவைத்து, பிறகுதான் மறுபடி முயல வேண்டும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா குடும்பத்தின் பழைய செட்டுகள் திரையில் ‘சேஃப்’ என்று காட்டும். அங்கே இரண்டே வாய்ப்பு, அதற்குப் பிறகு சுமார் ஒரு மணி நேரம் பூட்டு. அந்த ஒரு மணி நேரமும் ரேடியோ ஆனில் இருக்க வேண்டும், அணைத்துவைத்தால் கணக்கில் சேராது. ஐரோப்பிய ஃபோர்டு செட்டுகள் இன்னும் கண்டிப்பானவை. சில முயற்சிகளுக்கு ஒருமுறை அரைமணி நேரம் காக்கவைத்துவிட்டு, பத்தும் தவறினால் ‘லாக்டு 10’ என்று காட்டும். அதற்குப் பிறகும் தவறி ‘லாக்டு 13’ என்று வந்துவிட்டால் சரியான எண்ணே கையில் இருந்தாலும் பட்டன் வழியாக உள்ளே போக முடியாது. செட்டைப் பிரித்துச் சில்லில் கைவைக்கத் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும்.

நாலு எண்தானே, வரிசையாகப் போட்டுப் பார்த்துவிடலாமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹோண்டாவில் எண்ணை நிலையங்களுக்கான 1 முதல் 6 வரையிலான பட்டன்களில்தான் அழுத்துகிறோம். ஐந்து இலக்கம், ஒவ்வோர் இடத்திலும் ஆறு வாய்ப்பு. மொத்தம் 7,776 எண்கள். மணிக்குப் பத்து என்றால், எல்லாவற்றையும் போட்டு முடிக்கக் கிட்டத்தட்ட 778 மணி நேரம், அதாவது 32 நாளுக்கு மேல், இரவு பகல் தூங்காமல். நான்கு இலக்கத்துக்கு 10,000 வாய்ப்பும் மணிக்கு இரண்டே முயற்சியும் உள்ள செட்டில் 5,000 மணி நேரம்; 208 நாள். அதற்குள் புது பேட்டரியும் செத்துப்போய், செட் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். வடிவமைத்தவர்கள் இதைத் தெரிந்தேதான் வைத்திருக்கிறார்கள். எண் சின்னது என்றாலும் காத்திருப்பு நீளம். திருடனிடம் இல்லாதது நேரம் ஒன்றுதான்.

ஆக, ஊகிக்கக் கூடாது. எண்ணைத் தேடி எடுக்க வேண்டும்.

முதலில் கையேடு, அதன் உறை, சர்வீஸ் புத்தகத்தின் உட்பக்கம். அடுத்து கிளவ் பாக்ஸ். அதைத் திறந்து பார்த்தால் போதாது. இரண்டு பக்கத் தடுப்புகளையும் விடுவித்து முழுக்கக் கீழே இறக்கிவிட்டு அதன் பக்கவாட்டிலும் அடியிலும் பாருங்கள். ஹோண்டாவில் வரிசை எண்ணும் கோடும் அச்சிட்ட சின்ன ஸ்டிக்கர் அங்கே ஒட்டியிருப்பது சகஜம். பழைய சொந்தக்காரர் யாராவது பென்சிலில் எழுதிவைத்ததும் அங்கேதான் கிடைக்கும். சித்தப்பா வண்டியில் ஸ்டிக்கர் இருந்தது; ஆனால் சென்னை வெயிலுக்கு எழுத்தெல்லாம் வெளுத்துப்போய், டார்ச் அடித்தும் படிக்க முடியவில்லை.

அப்போது தேவைப்படுவது ரேடியோவின் வரிசை எண். பல செட்டுகள் அதைத் தாமே சொல்லிவிடும். ஹோண்டாவில் சாவியைத் திருப்பி, ரேடியோவை அணைத்துவைத்து, 1, 6 ஆகிய இரண்டு பட்டன்களையும் சேர்த்து அழுத்திப் பிடித்தபடி பவர் பட்டனைத் தட்ட வேண்டும். திரையில் ‘யு’ என்ற எழுத்தோடு நான்கு இலக்கமும் ‘எல்’ என்ற எழுத்தோடு நான்கு இலக்கமும் வரும். யு முதல் பாதி, எல் இரண்டாம் பாதி. சேர்த்து எழுதினால் எட்டு இலக்க எண். ஃபோர்டில் சில மாடலுக்கு 1, 6. சிலவற்றுக்கு 2, 6. அங்கே ‘எம்’ அல்லது ‘வி’ என்ற எழுத்தில் தொடங்கி ஆறு இலக்கம் வரும். திரையில் எழுத்துகள் மாறி மாறி ஓடும். பார்த்து எழுத நேரம் போதாது. போனில் வீடியோ எடுத்துக்கொண்டு நிதானமாகப் படிப்பதுதான் நல்லது. எட்டையும் மூன்றையும் மாற்றிப் படித்துவிட்டு, வந்த கோடு வேலை செய்யவில்லை என்று அலைபவர்கள் உண்டு.

திரையில் காட்டாத செட்டை வெளியே இழுத்துத்தான் பார்க்க வேண்டும். முகப்பின் இரு ஓரங்களில் சின்ன ஓட்டைகளோ கீற்றுகளோ இருந்தால், அதற்கென்று வளைத்த கம்பிச் சாவிகளோ தகட்டுச் சாவிகளோ ஸ்டீரியோ கடைகளில் கிடைக்கும். உள்ளே நுழைத்து, ‘க்ளிக்’ என்று பிடித்ததும் நேராக இழுத்தால் செட் வழுக்கிக்கொண்டு வரும். மேல்தகட்டிலோ பக்கவாட்டிலோ லேபிள் இருக்கும். ஃபோக்ஸ்வாகன் என்றால் வி.டபிள்யூ.இசட். என்று தொடங்கும் நீளமான எண், ஸ்கோடா என்றால் எஸ்.கே.இசட். ரெனோவில் ஓர் ஆங்கில எழுத்தும் மூன்று இலக்கமும் சேர்ந்த நான்கெழுத்துக் குறி. ஓட்டை எதுவும் இல்லாமல் டேஷ்போர்டோடு ஒட்டிய வடிவத்தில் இருந்தால் ஸ்க்ரூ டிரைவரால் நெம்ப வேண்டாம். பத்து வருஷம் வெயில் தின்ற பிளாஸ்டிக் கிளிப்புகள் தொட்டாலே உடையும்.

வரிசை எண் கையில் வந்ததும் நேராகப் போக வேண்டிய இடம் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர். ஆர்.சி. நகல், உங்கள் அடையாள அட்டை, சேசிஸ் எண், ரேடியோ வரிசை எண் ஆகிய நான்கையும் கொண்டுபோங்கள். கவுன்ட்டரில் இருப்பவருக்கு இப்படி ஒரு வேலை வந்தே பல காலம் ஆகியிருக்கும். அதனால் ‘செட்டையே மாத்திடுங்க’ என்பதுதான் முதல் பதிலாக வரலாம். அதோடு திரும்பிவிட வேண்டாம். பாகங்கள் பிரிவில் இருப்பவரிடம் பேச வேண்டும் என்று பணிவாகச் சொல்லுங்கள். எங்களுக்கும் அங்கேதான் வழி பிறந்தது. வயதான ஊழியர் ஒருவர் நாங்கள் எழுதிக்கொடுத்த எண்ணைப் பார்த்தார், ஆர்.சி.யைப் பார்த்தார், “நாளைக்கு மத்தியானத்துக்குள்ள சொல்றேங்க” என்றார். சொன்னபடி சொன்னார்.

எண்ணைப் போட்டபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். சித்தப்பாவே ஒவ்வொரு பட்டனாக அழுத்தினார். கடைசி இலக்கம் விழுந்ததும் ‘பீப்’ என்று ஒரு சத்தம், அடுத்த நொடி இரைச்சல், வெறும் இரைச்சல். அவர் முகம் வாடிப்போனது. செட் திறந்துவிட்டது, ஆனால் சேமித்த நிலையங்கள் எல்லாம் மின்சாரத்தோடு போய்விட்டன என்று விளக்கினேன். ட்யூனரைத் திருப்பி 101.4-க்குக் கொண்டுவந்து, பட்டனை அது சேமிக்கும்வரை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். அவ்வளவுதான்.

நடுவில் ஓர் எண்ணைத் தவறி அழுத்திவிட்டால் என்ன செய்வது என்றும் தெரிந்திருக்க வேண்டும். ஹோண்டாவில் பாதியில் நிறுத்தி முதலிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. தவறான அந்த வரிசையை ஐந்து இலக்கம்வரை போட்டு முடித்துவிட்டு, பிறகு சரியான எண்ணைப் புதிதாகப் போட வேண்டும். ஃபோக்ஸ்வாகன் பழைய செட்டுகளில் முறை வேறு. திரையில் 1000 என்று வரும். 1-ஆம் பட்டனைத் தட்டத் தட்ட முதல் இலக்கம் மாறும், 2-ஆம் பட்டனுக்கு இரண்டாவது, இப்படியே நான்கும். பிறகு தேடும் பட்டனை நீளமாக அழுத்தி உறுதிசெய்ய வேண்டும். அதை அழுத்தும்வரை முயற்சி கணக்கில் ஏறாது, அதனால் நிதானமாகச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இப்படி ஒரு பூட்டு எதற்காக வந்தது? 1980களில் அமெரிக்க, ஐரோப்பிய நகரங்களில் கார் கண்ணாடியை உடைத்து ஸ்டீரியோவைத் தூக்குவது அன்றாடத் திருட்டு. நியூயார்க்கில் ‘உள்ளே ரேடியோ இல்லை’ என்று அட்டையில் எழுதிக் கண்ணாடியில் வைத்துவிட்டுப் போவார்கள். திருடன் நம்பிவிட்டால் கண்ணாடியாவது தப்பும். வண்டியை நிறுத்தும்போது செட்டையே உருவி கையில் தூக்கிக்கொண்டு ஹோட்டலுக்குள் போனவர்களும் உண்டு. கைப்பிடி வைத்த செட்டுகள் அதற்காகவே விற்றன.

திருடனுக்கு வேலையைச் சுலபமாக்கியது, வேறு வகையில் மிக நல்லதாக இருந்த ஒரு காரியம். ஜெர்மனியின் டின் 75490 தரமும், அதையொட்டிய சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 7736-உம் கார் ரேடியோவின் முகப்புக்கு 180 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரம் என்று ஒரே அளவை நிர்ணயித்தன. எந்தக் கம்பெனி செட்டும் எந்தக் காரிலும் உட்காரும். பிடித்ததை வாங்கி மாட்டிக்கொள்ளும் சுதந்திரம் நமக்குக் கிடைத்தது. அதே சுதந்திரம் திருட்டு செட்டை வாங்குபவனுக்கும் கிடைத்தது. ஒருவன் காரிலிருந்து உருவியது இன்னொருவன் காரில் ஒயரைச் சேர்த்தவுடன் பாடும் என்பதால்தான் அதற்குச் சந்தை இருந்தது.

செட்டை இறுக்கமாகப் பூட்டிப் பயனில்லை என்று தயாரிப்பாளர்கள் புரிந்துகொண்டார்கள். கடப்பாரைக்கு முன்னால் எந்த ஸ்க்ரூ நிற்கும்? அதனால் திருடியதை உதவாமல் ஆக்குவது என்று முடிவெடுத்தார்கள். முகப்பை மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளும் செட் வந்தது. பிளாவ்பங்க்ட், கிரெடிட் கார்டு மாதிரி ஓர் அட்டையைச் செருகினால்தான் பாடும் செட்டைக் கொண்டுவந்தது. இவற்றோடு வந்ததுதான் ரகசிய எண். எடுத்துப்போனவனிடம் எண் இல்லை, எண் இல்லாத செட் வெறும் தகரம். எனக்கு இந்த யோசனையில் உண்மையான மரியாதை உண்டு. யாரையும் அடிக்காமல், அலறாமல், களவின் லாபத்தை மட்டும் அழித்துவிடுகிறது.

ஆனால் அதற்கு ஒரு குறையும் இருந்தது. கண்ணாடியை உடைத்து, செட்டை உருவி, வீட்டுக்குப் போய் மாட்டிப் பார்த்த பிறகுதான் திருடனுக்குப் பூட்டு இருப்பதே தெரியும். அதற்குள் நமக்கு நஷ்டம் ஆகிவிட்டது. ஆகவே முன்கூட்டியே எச்சரிக்க வேண்டியிருந்தது. ஜன்னல் ஓரத்தில் ‘ரகசிய எண் கொண்ட ரேடியோ’ என்ற ஸ்டிக்கர், நிறுத்திய வண்டியில் செட்டின் மூலையில் விட்டுவிட்டு மினுக்கும் சிவப்பு விளக்கு, இவை அந்த வேலைக்குத்தான்.

பிறகு காலம் மாறியது. டேஷ்போர்டின் வடிவத்தோடு கலந்த செட்டுகள் வந்தன. ஒரு காரில் இருப்பது இன்னொன்றில் உட்காராது. பாட்டு போனுக்கு மாறியது. பழைய சி.டி. செட்டுக்காக இன்று யாரும் கண்ணாடி உடைப்பதில்லை. பூட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. இன்று அது வழிமறிப்பது யாரை? ஆர்.சி.யில் பெயர் உள்ளவரை, இரண்டாவது, மூன்றாவது கையாக வாங்கியவரை, கார்டு கைக்கு வராதவரை.

பூட்டின் ரகசியமும் ரகசியமாக இல்லை. பல கம்பெனிகளில் கோடு என்பது வரிசை எண்ணிலிருந்து ஒரு சூத்திரத்தால் பிறப்பதுதான். ரெனோவின் நான்கெழுத்துக் குறியிலிருந்து கோடைக் கணக்கிடும் நிரல்கள் இலவசமாகவே சுற்றுகின்றன. வேறு பல கம்பெனிகளுக்குச் சின்னத் தொகை வாங்கிக்கொண்டு சொல்பவர்கள் இருக்கிறார்கள். திருட நினைப்பவனுக்கு நிமிஷத்தில் கிடைப்பது, சொந்தக்காரருக்கு ஏன் சர்வீஸ் சென்டர் படியேறித்தான் கிடைக்க வேண்டும்? அமெரிக்காவில் ஹோண்டா இதற்கென்றே ஓர் இணையதளம் வைத்திருக்கிறது. வண்டியின் அடையாள எண்ணையும் ரேடியோவின் வரிசை எண்ணையும் கொடுத்தால் கட்டணம் இல்லாமல் கோடு வந்துவிடும். சொந்தக்காரர் என்பதற்கு ஓர் அத்தாட்சி, கொடுப்பதற்கு ஒரு நேர்வழி. இரண்டும் அதில் இருக்கின்றன. இந்தியாவில் கார் விற்கும் எல்லாக் கம்பெனிகளும், குறைந்தது உற்பத்தி நின்றுபோன செட்டுகளுக்காவது, இதைச் செய்துதர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். 2022 டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கான இணையதளத்தைத் தொடங்கியது. அதன் நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. பேட்டரி மாற்றிய ரேடியோவைத் திறக்கும் எண் அந்த உரிமைக்குள் வராவிட்டால் வேறு எது வரும்?

சொந்தக்காரரே எண்ணைத் தேர்ந்தெடுக்கும் செட்டுகள் இன்னும் சங்கடமானவை. 1990களின் லெக்ஸஸ் சிலவற்றிலும் ஜெனரல் மோட்டார்ஸின் டெல்கோ ‘தெஃப்ட்லாக்’ செட்டுகளிலும் அப்படித்தான். முதல் சொந்தக்காரர் தன் மகள் பிறந்த நாளையோ வீட்டு எண்ணையோ வைத்திருப்பார். வண்டி நாலு கை மாறியபின் அந்த எண் யாருக்கு நினைவிருக்கும்?

யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் இருக்கும் நண்பர்களுக்கு இதே பிரச்சினை வேறு முகத்தோடு வருகிறது. அங்கே ஓடும் கார்களில் பெரும்பகுதி ஜப்பானிலிருந்து வந்த ‘ரீகண்டிஷன்’ வாகனங்கள். திரை முழுக்க ஜப்பானிய எழுத்து. பேட்டரியைக் கழற்றி மாட்டியதும் டொயோட்டா செட்டுகள் சில ரகசிய எண்ணைக் கேட்கும். வேறு சில, ஜப்பான் வரைபடம் உள்ள எஸ்.டி. கார்டைக் கேட்கும். வரைபடம் இலங்கையில் எதற்கு என்று முதல் ஆளே அந்தக் கார்டை உருவிப் போட்டிருப்பார். அதில் வரைபடத்தோடு செட் எழுந்திருக்கத் தேவையான நிரலும் இருந்தது என்பது பிறகுதான் தெரியவரும். எல்லாம் சரியாகிச் செட் திறந்தாலும், ஜப்பானின் எஃப்.எம். அலைவரிசை 76 முதல் 95 மெகாஹெர்ட்ஸ் வரைதான். அதற்கு மேல் ஒலிபரப்பும் தமிழ் நிலையங்களைக் கேட்க ‘பேண்ட் எக்ஸ்பாண்டர்’ என்ற சின்னப் பெட்டியை ஆன்டெனா ஒயரில் சேர்க்க வேண்டும். ஜப்பானியக் கார் வாங்குபவர்கள் எஸ்.டி. கார்டு செட்டுக்குள் இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்து, அதை எடுக்காமல் வைத்திருப்பது மிகப் பெரிய உதவி.

புதுக் கார்களில் நான்கு இலக்கம் போய்விட்டது. செட் தானாகவே வண்டியின் மற்றப் பெட்டிகளோடு பேசி, இது என் வண்டிதானா என்று அடையாள எண்ணை ஒப்பிட்டுக்கொள்கிறது. அதே வண்டியில் பேட்டரி மாற்றினால் ஒன்றும் கேட்காது. இது நிச்சயமாக முன்னேற்றம். ஆனால் அவுடி, ஃபோக்ஸ்வாகன் குடும்பத்தில் ‘காம்போனென்ட் புரொடெக்‌ஷன்’ என்று ஒன்று உண்டு. பழைய வண்டியிலிருந்து எடுத்த நல்ல செட்டை உங்கள் வண்டியில் மாட்டினால், கம்பெனியின் சர்வரோடு இணைந்து அனுமதி வாங்கும்வரை சத்தம் வராது. தாளில் எழுதிவைக்கக்கூடிய சாவி போய், நம் கையில் கொடுக்கவே முடியாத சாவி வந்திருக்கிறது. இருபது வருஷம் கழித்து அந்த சர்வர் இருக்குமா என்ற கேள்வி என்னை விட்டுப் போவதில்லை. சித்தப்பாவின் செட்டுக்கு ஒரு வரிசை எண்ணும் ஒரு நல்ல ஊழியரும் போதுமாக இருந்தது.

இனி பேட்டரி மாற்றப்போகிறவர்களுக்கு. கோடு கையில் இல்லாவிட்டால், டெர்மினலைக் கழற்றும் முன்பே கடைக்காரரிடம் மெமரி சேவர் இருக்கிறதா என்று கேளுங்கள். மெக்கானிக் தன் சோதனைக் கருவியை மாட்டும் ஓ.பி.டி. சாக்கெட் வழியாகவோ சிகரெட் லைட்டர் வழியாகவோ வேறொரு சின்ன பேட்டரியிலிருந்து மஞ்சள் ஒயருக்கு மின்சாரத்தை விடாமல் கொடுக்கும் கருவி அது. ஓ.பி.டி. சாக்கெட்டின் 16-ஆம் முனையில் பேட்டரி மின்சாரம் எப்போதும் இருக்கும் என்பதால் அந்த வழி வசதியானது. லைட்டர் வழி என்றால், சாவி போடாமலே அதில் மின்சாரம் வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள்: மெமரி சேவர் மாட்டியிருக்கும்போது கழற்றிய பாசிடிவ் கிளாம்பிலும் மின்சாரம் இருக்கும். அது வண்டியின் உடம்பில் பட்டால் பொறி பறக்கும், ஃப்யூஸ் போகும். தடித்த துணியோ ரப்பரோ சுற்றி வையுங்கள். செட் பூட்டிக்கொண்ட பிறகு மெமரி சேவரை மாட்டிப் பயனில்லை.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் ரேடியோ பாடுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டாம். அது பாடும், பேட்டரி கழற்றாதவரை. விற்பவரிடம் கோடு கார்டைக் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் வரிசை எண்ணையாவது அன்றே திரையில் வரவழைத்துப் படம் எடுத்து, ஆர்.சி.யோடும் இன்ஷூரன்ஸோடும் சேர்த்து வையுங்கள். கோடு கிடைத்தபின் அதைக் கிளவ் பாக்ஸிலேயே வைத்துவிடாமல் வீட்டில் வையுங்கள்.

புதுத் திரை போட்டே தீருவது என்று முடிவெடுத்தவர்களிடமும் ஒரு வேண்டுகோள். கழற்றிய செட்டைப் பழைய இரும்புக்கடையில் போட்டுவிடாதீர்கள். அதே மாடல் காரில், சி.டி. சிக்கிக்கொண்டோ திரை மங்கியோ போன செட்டை வைத்துக்கொண்டு, இன்னொன்று கிடைக்குமா என்று பழைய கார் பாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்குபவர் யாராவது இருப்பார். அவருக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது கோடை ஒரு துண்டுத் தாளில் எழுதி, செலோடேப் போட்டு செட்டின் மேல்தகட்டிலேயே ஒட்டிக் கொடுங்கள்.